தாங்க மாட்டாள்

கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்ததும் தெய்வநாயகம் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். எட்டு பத்து. நாற்பத்தைந்து நிமிடம் ஆகும், மருந்து ஏற்றி எடுப்பதால் கொஞ்சம் கூடவும் ஆகலாம் என்று ஸ்கேன் அறைப் பெண் சொல்லிவிட்டுப் போயிருந்தாள். நாற்பத்தைந்து நிமிடம் ஒரு நீதிபதிக்குப் பெரிய நேரமில்லை, சில வக்கீல்கள் தொண்டையைச் செருமிக்கொள்ளவே அவ்வளவு எடுத்துக்கொள்வார்கள், ஆனால் அங்கே அவருக்கு மேடை உண்டு, முதுகு உயர்ந்த நாற்காலி உண்டு, முன்னால் நடந்து வழி விலக்க டவாலி உண்டு. இங்கே ஒரே இரும்புச் சட்டத்தில் கோத்த நான்கு நாற்காலிகளில் அவருடையது மூன்றாவது, ஓரத்து நாற்காலிக்காரர் விடாமல் காலை ஆட்டிக்கொண்டிருந்ததால் உயர்நீதிமன்ற நீதிபதியும் கூடவே ஆடிக்கொண்டிருந்தார். சற்று முன் ‘மங்கையர்க்கரசி அட்டெண்டர் யாரு’ என்று குரல் வந்தபோது அவர் எழுந்திருக்கவில்லை, அட்டெண்டர் என்றால் தன் அறை வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருப்பவர் என்பது பன்னிரண்டு வருடப் பழக்கம். இரண்டாம் முறை கூப்பிட்டபோது மங்கைதான் சிரித்து, போங்க, உங்களைத்தான் என்று தோளைத் தட்டினாள். போனார், நீட்டிய தாளில் எதையோ நிரப்பிக் கையெழுத்துப் போட்டார். அதற்குள் அவள் கண்ணாடி, கம்மல், மூக்குத்தி, வளையல் என்று ஒவ்வொன்றாகக் கழற்றி அவர் கைக்குட்டையில் போட்டாள். தாலிச் சங்கிலியைக் கழற்றும்போது மட்டும் ஒரு விநாடி அவரைப் பார்த்து, பத்திரம் என்றாள். நகையைச் சொன்னாளா, அவரைச் சொன்னாளா என்று தெரியவில்லை. அந்த முடிச்சு இப்போது சட்டைப் பையில் கனத்துக்கொண்டிருந்தது, மூச்சு இழுக்கும்போதெல்லாம் நெஞ்சில் இடித்தது. உள்ளே எந்திரம் டக் டக் என்று தட்டத் தொடங்கியது. அந்தச் சத்தத்துக்கு நடுவே அவள் அசையாமல் படுத்திருக்க வேண்டும், அசையாமல் இருப்பது அவளுக்கு வராது, தூக்கத்தில்கூட அவளுக்குக் கால் ஓயாது. மடியில் இருந்த காகிதக் கட்டைப் பிரித்துப் பென்சிலை எடுத்தார்.

நாற்பத்தாறு பக்கம், இன்று பத்தரைக்கு முதல் வழக்காக வாசிக்க வேண்டிய தீர்ப்பு, குருவம்மாள் என்கிற பெண் தொடுத்த வழக்கு. சாத்தூர்ப் பக்கம் தீப்பெட்டி ஆபீஸில் லேபிள் ஒட்டுகிறவள். வயிற்று வலி என்று ஓர் ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள், கர்ப்பப்பையை எடுத்தார்கள், கையெழுத்துப் போட்டது புருஷன் சீனிராஜ், அவளிடம் எல்லாரும் சொன்னது கட்டியை எடுத்தாச்சு என்பது மட்டும். மாதவிலக்கு நின்றது மருந்துச் சூட்டால் என்று நினைத்துக்கொண்டு மூன்று வருடம் அவள் இன்னொரு பிள்ளைக்காகச் சஷ்டி விரதம் இருந்தாள். மூன்றாவது வருடம் வேறு ஊரில் வேறு ஒரு டாக்டர் ஸ்கேன் படத்தைத் தூக்கிப் பார்த்துவிட்டு, உனக்குத்தான் பையே இல்லையேம்மா என்றார். எடுத்தது தப்பென்று அவள் சொல்லவில்லை, எடுக்காவிட்டால் செத்திருப்பாள் என்று மருத்துவக் குழுவே எழுதியிருந்தது. நோயாளிக்கு அவள் பாஷையில் சொல்லி அவள் கையெழுத்தைத்தான் வாங்க வேண்டும், அது உயிர்வாழும் உரிமையின் ஒரு பகுதி என்று நீதிமன்றம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் மனு. தெய்வநாயகத்துக்கு இந்த மாதிரி வழக்கு என்றால் பலகாரத் தட்டு மாதிரி. ஆஸ்திரேலியாவில் ஒரு பெண்ணுக்குக் கெட்டுப்போன கண்ணில் அறுவை செய்யப்போய் நல்ல கண்ணும் போயிற்று, இப்படி ஆகலாம் என்று அவளிடம் யாரும் சொல்லவில்லை, சொல்லியிருக்க வேண்டும் என்றது அந்த ஊர் நீதிமன்றம். அந்தத் தீர்ப்பைத் தென்னாப்பிரிக்காவில் எடுத்து ஒரு மார்பக அறுவை வழக்கில் போட்டார்கள், மலேசியாவில் எடுத்தார்கள், ஸ்காட்லாந்துக்காரி ஒருத்தியின் பிரசவ வழக்கில் லண்டனில் எடுத்தார்கள். அதையெல்லாம் திரட்டி அரசமைப்புச் சட்டத்தின் இருபத்தோராம் பிரிவுக்குள் கொண்டுவந்து உட்காரவைத்திருந்தார். உங்க தீர்ப்பைப் படிக்க பாஸ்போர்ட் வேணும்யா என்று பக்கத்து அறை நீதிபதி கிண்டல் செய்வது வழக்கம். கிண்டலைத் தாங்கிக்கொள்ளலாம், அரசு வக்கீல் கேட்டதுதான் முள்ளாக நின்றது. ஜனங்கள் ஓட்டுப் போடாத ஒரு நீதிபதி, வேறு ஊரில் அந்த ஜனங்களும் ஓட்டுப் போடாத இன்னொரு நீதிபதி எழுதியதை எடுத்துவந்து இங்கே சட்டமாக்குவது என்ன முறை என்று பணிவாகத்தான் கேட்டார். பிறகு இங்கிலீஷை விட்டுவிட்டு, ‘அங்கெல்லாம் பேஷண்ட்னா தனி ஆளு மை லார்ட். நம்ம ஊர்ல பேஷண்ட்னா குடும்பம்’ என்றார். கோர்ட்டில் பாதிப் பேர் தலையை ஆட்டினார்கள். அதற்குப் பதிலாகத்தான் முப்பத்தோராம் பத்தியை எழுதினார், குடும்பம் கவசமாக இருக்கலாம், திரையாக இருக்கக்கூடாது என்று முடியும் பத்தி. எழுதிய அன்று தன் இங்கிலீஷைத் தானே மெச்சிக்கொண்டு இரண்டு தடவை உரக்கப் படித்தார். இப்போது அந்த வரியின் மேல் பென்சில் முனை நின்றது, நகரவில்லை.

எந்திரம் சத்தத்தை மாற்றிக்கொண்டது, தட்டல் போய் ஒரு நீள ரீங்காரம், மாநாட்டில் மொழிபெயர்ப்புக் கேட்கக் காதில் மாட்டும் கருவியில் அலைவரிசை மாறும்போது வருமே அது மாதிரி. மூன்று வருடத்துக்கு முன் பதினேழு நாட்டு நீதிபதிகள் கூடிய மாநாட்டுக்கு மங்கையையும் அழைத்துப் போயிருந்தார். மனித மாண்பு என்ற சொல்லை ஒவ்வொரு நாட்டுக்காரரும் எழுந்து ஒவ்வொரு விதமாக உருட்டினார்கள், கண்ணாடிக் கூண்டுக்குள் மொழிபெயர்ப்பாளர்கள் மூச்சுவிடாமல் பேசிக்கொண்டிருந்தார்கள். மற்ற மனைவிமார்கள் கடைத்தெருவுக்குப் போய்விட, மங்கை கடைசி வரிசையில் உட்கார்ந்து, காதுக் கருவியைத் திருகித் திருகி, ஒரே பேச்சை ஸ்பானிஷ், பிரெஞ்சு, போர்த்துகீஸ் என்று புரியாத பாஷைகளில் கேட்டுக்கொண்டிருந்தாள். என்ன விளங்கியது என்று பிறகு கேட்டதற்கு, ஒண்ணும் விளங்கலை, ஆனா எல்லாரும் ஒரே இடத்துலதான் மூச்சு வாங்குதாங்க என்றாள். அவர் அதைத் தன் உரையில் சேர்த்துக்கொண்டு கைதட்டல் வாங்கினார், அவள் சொன்னது என்று சொல்ல மறந்துவிட்டார். அவள் காது அப்படி. இருபத்தெட்டு வருடம் திருநெல்வேலி டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் ஆபரேட்டர், ஊரார் குரலெல்லாம் அவள் காது வழியாகத்தான் போய் வந்தன. இவர் பாளையங்கோட்டையில் ஜூனியர் வக்கீலாக மெட்ராஸ் சீனியருக்கு ட்ரங்க் கால் போட்டுக் காத்துக் கிடந்த காலத்தில், மூணு நிமிஷம் ஆயிட்டு சார், நீட்டிக்கவா என்று ஒரு குரல் கேட்கும். மற்ற ஆபரேட்டர்கள் பட்டென்று வெட்டிவிடுவார்கள், இவள் கேட்டுவிட்டுத்தான் வெட்டுவாள். அந்தக் குரலுக்காகவே அவர் தேவையில்லாமல் நீட்டித்திருக்கிறார், சீனியர் என்னடா விஷயம் என்று எரிந்துவிழ, ஒன்றுமில்லை சார் என்று ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். கல்யாணத்துக்குப் பிறகு இதைச் சொன்னபோது, தெரியும் என்றாள்.

தெரியும். அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு மனம் எங்கேயோ போகப் பார்த்தது, அவர் இழுத்துப் பிடித்தார், அது நிற்கவில்லை. எக்ஸ்சேஞ்சில் அவளுக்குப் பிடிக்காத ஒரே சொல் சீரியஸ். அப்பா சீரியஸ், உடனே கிளம்பி வா. அப்படி ஒரு கால் வந்தால் அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார் என்று ஆபரேட்டருக்குத் தெரியும், பேசுகிறவருக்குத் தெரியும், பக்கத்தில் நிற்கிறவருக்குத் தெரியும், எதிர்முனையில் ரிசீவரைப் பிடித்திருக்கிறவனுக்கு மட்டும் தெரியாது, அல்லது தெரிந்தும் தெரியாது. அந்தப் பாவி பஸ்ஸுல எட்டு மணி நேரம் அழுறதா வேண்டாமான்னு தெரியாமல்லா உக்காந்து வருவான் என்று வீட்டுக்கு வந்து பொருமுவாள். அப்படிப் பொருமியவளிடம், அவள் அப்பா இறந்த அன்று தெய்வநாயகம் என்ன சொன்னார் என்றால், மாமாவுக்குக் கொஞ்சம் சீரியஸ் என்றார். வாய் தானாகச் சொன்னது. அப்போது ஒரு வேலையாக மதுரைக்கு வந்திருந்தார்கள், அங்கே பஸ் ஏறினார்கள். விருதுநகர், சாத்தூர் எல்லாம் தாண்டும்வரை ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோவில்பட்டியில் பஸ் நின்றபோது, திரும்பாமலே, எப்பப் போனாங்க என்று கேட்டாள். காலையிலேயே என்றார். அதற்குப் பிறகுதான் அழுதாள், திருநெல்வேலி வரும்வரை, பக்கத்துச் சீட்டுக்காரர்கள் தண்ணீர் நீட்டும் அளவுக்கு. ஒரு மணி நேரம்தான் அவளுக்கு அழக் கிடைத்தது, மீதி நேரத்தை இவர் எடுத்துக்கொண்டார். அதற்காக அவள் இன்றுவரை ஒரு வார்த்தை கோபப்பட்டதில்லை, கோபப்பட்டிருந்தால் புத்தி வந்திருக்கும்.

பதினோரு நாளைக்கு முன் டாக்டர் போன் செய்தார். சின்ன வயதுப் பெண், கெட்டிக்காரி. சதைத் துணுக்கைச் சோதித்த அறிக்கை வந்துவிட்டது, சினைப்பையில் இருப்பது நல்ல கட்டியில்லை, எவ்வளவு பரவியிருக்கிறது என்று ஸ்கேன் செய்து பார்த்துவிட்டு ஆபரேஷனா மருந்தா என்று முடிவு செய்யலாம் என்று நிதானமாகச் சொன்னாள். மேடம்கிட்ட நான் சொல்லட்டுமா சார் என்று கேட்டாள். அவர் சேம்பரில் நின்றுகொண்டிருந்தார், மேஜையில் குருவம்மாள் வழக்குக் கட்டு திறந்து கிடந்தது, வேண்டாம்மா, அவ தாங்க மாட்டா என்றார். சரி சார் என்றாள். இன்னொரு புருஷன் சொல்லியிருந்தால் அந்தப் பெண் வாதாடியிருப்பாளோ என்னவோ, சொன்னது நீதிபதி. மங்கையிடம் சின்ன வீக்கம், கரைத்துவிடலாம் என்றார், மகளிடம் அதுகூடச் சொல்லவில்லை. இந்தப் பதினோரு நாளும் அவள் காலையில் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே காப்பி கலந்தாள், அம்பாசமுத்திரத்தில் தங்கை மகளுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, போய்ப் பார்த்துவிட்டு வரலாமா என்று இரண்டு முறை கேட்டாள், கோர்ட் லீவு விடட்டும் என்றார். கோர்ட் லீவு மே மாதம். இது பிப்ரவரி. மே மாதம் என்று எந்த வாயால் சொன்னோம் என்று நினைத்தபோது நாற்காலி ஆடியது, காலாட்டும் ஆள் எப்போதோ எழுந்து போயிருந்தார், ஆடியது இவர்தான். தாங்க மாட்டாள். இதையேதான் சீனிராஜும் சொன்னான். கோர்ட்டில் நேரில் வரச்சொல்லிக் கேட்டபோது கைகளைக் கட்டிக்கொண்டு, அவ தாங்க மாட்டாய்யா, அதான் சொல்லலை என்று விம்மினான், அவனுடைய வக்கீல் அதை இங்கிலீஷில் மாற்றத் திணறினார். எப்படி மாற்றுவார். வலியைத் தாங்குவதற்கு ஒரு சொல், கூரையைத் தூண் தாங்குவதற்கு ஒரு சொல், பெண்டாட்டியைத் தாங்கு தாங்கென்று தாங்குவதற்கு இன்னொரு சொல் என்று இங்கிலீஷில் மூன்று, தமிழில் ஒன்றுதான். தாங்குகிறேன் என்று சொல்லிக்கொண்டுதான் தாங்க மாட்டாள் என்கிறோம், நான் தாங்க மாட்டேன் என்று சொல்ல ஓர் ஆண்பிள்ளைக்கு வாய் வரவில்லை. அவளிடம் சொன்னால் அவள் முகம் எப்படி ஆகும், அந்த முகத்துக்கு முன்னால் எங்கே நிற்பது, கையை எங்கே வைத்துக்கொள்வது, பயம் இதுதான். சீனிராஜ் விம்மியபோது குருவம்மாள் அவனைத் திரும்பிப் பார்த்தாள், அந்தப் பார்வையில் கோபத்தைவிட வேறு ஏதோ கூடுதலாக இருந்தது. பிறகு மேடையைப் பார்த்துச் சொன்னாள்.

‘ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல ஐயா. நான் வேண்டாம்னா சொல்லியிருக்கப் போறேன். அழுதிருப்பேன். அழுதுட்டு, சரின்னிருப்பேன்.’

அதை நாற்பத்தாறு பக்கத்தில் எங்கே போட்டோம் என்று தேடினார். எங்கும் இல்லை. ஆஸ்திரேலியா இருந்தது, தென்னாப்பிரிக்கா இருந்தது, மலேசியா இருந்தது, லண்டன் இருந்தது, சாத்தூர் இல்லை. அப்போதுதான் இன்னொன்றும் உறைத்தது, மேற்கோள் காட்டிய நான்கு வழக்கும் பெண்களுடையவை. கண் போனவள், மார்பு இழந்தவள், கழுத்துக்குக் கீழே உணர்வு போனவள், பிரசவத்தில் பிள்ளைக்கு ஊனம் ஆனவள். எத்தனை தடவை படித்தும் தோன்றவில்லை, பெயரைப் பார்க்காமல் பத்தி எண்ணைப் பார்த்ததால் வந்த வினை. நான்கு கடல் தாண்டி நான்கு பெண்கள் குருவம்மாள் சொன்ன அதே இடத்தில் மூச்சு வாங்கியிருக்கிறார்கள், நம் ஊர் வேறு என்று சொன்ன அரசு வக்கீல் நினைத்தது மாதிரி இது கப்பலில் வந்த சரக்கு ஒன்றும் இல்லை. ஆனால் அரசு வக்கீலை மட்டும் சொல்லி என்ன பயன், அவர் கோர்ட்டில் வாதாடியதைத் தெய்வநாயகம் வீட்டில் நடத்திக் காட்டியிருக்கிறார். முப்பத்தோராம் பத்தியை அடிக்கலாமா என்று பென்சிலைத் தூக்கியபோது முன்னால் யாரோ வந்து நின்றார்கள். ஸ்கேன் அறைப் பெண், கையில் காலையில் அவர் நிரப்பிய தாள். சார், கட்டம் மாறி எழுதிட்டீங்க, கொஞ்சம் திருத்திக் குடுத்துருங்க என்றாள், குரலில் எந்தக் குற்றச்சாட்டும் இல்லை, தினம் பத்துப் பேர் இப்படித்தான் எழுதுகிறார்கள் போல. வாங்கிப் பார்த்தார். சம்மதப் படிவம். கீழே அவர் கையெழுத்து, கோர்ட்டில் போடுகிற அதே சுழி. அதற்கு மேலே ஒரு கட்டத்தில் ‘நோயாளி கையெழுத்திட இயலாத காரணம்’ என்று அச்சடித்திருந்தது, உறவுமுறை என்ற கட்டம் அதற்கு அடுத்தது. அடுத்த கட்டம் காலியாக இருந்தது. காரணத்துக்கு நேரே அவர் தன் அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார்: கணவர்.

வெகுநேரம் பார்த்தார். வெகுநேரம் என்பது ஒரு நிமிடம்தான் இருக்கும், அந்தப் பெண் பேனாவை நீட்டிக்கொண்டே நின்றாள். குருவம்மாள் வழக்கில் அந்தக் காரணக் கட்டம் காலியாக இருந்தது, அதற்காகவே ஆஸ்பத்திரியைக் காய்ச்சி ஒரு பத்தி எழுதியிருந்தார். சீனிராஜாவது பொய் எழுதவில்லை. இவர் உண்மையை எழுதிவிட்டார், ஒரு சொல்லில், இதைவிடச் சுருக்கமாக அவர் எந்தத் தீர்ப்பும் எழுதியதில்லை. சிரிப்பு வருவது போலிருந்தது, வந்தது கண்ணீர், அதை மறைக்கப் படிவத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்துப் படிப்பவர் மாதிரி நடித்தார். இதைத் திருத்த வேண்டியது நானில்லைம்மா, அவங்க வெளியே வந்ததும் படிச்சுப் பார்த்துப் போடட்டும், தாள் என்கிட்டயே இருக்கட்டும் என்றார். அவள் தயங்கி, சரி சார் என்று போனாள். இன்று இந்தச் சரி சார் அவருக்குப் பிடிக்கவில்லை. தீர்ப்பின் முதல் பக்கத்தைத் திருப்பி, ஆஸ்திரேலியாவுக்கு மேலே இருந்த கொஞ்ச இடத்தில், ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல ஐயா என்று தொடங்கிக் குருவம்மாள் சொன்னது முழுவதையும் தமிழிலேயே எழுதினார், முப்பத்தோராம் பத்தியின் கடைசி வரியை அடித்தார். சேம்பருக்குப் போன் செய்து முதல் வழக்கை மத்தியானத்துக்கு மாற்றச் சொன்னார். விளக்கு அணைந்தது.

மங்கை முடியைக் கோதிக்கொண்டே வந்தாள், நகையில்லாமல் முகம் சின்னதாகிப் பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி இருந்தது. என்ன சத்தம், நம்ம எக்ஸ்சேஞ்சு தேவலை என்று சொல்லிக்கொண்டே பக்கத்தில் உட்கார்ந்து கையை நீட்டினாள். கைக்குட்டையைப் பிரித்து வைத்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, ஒரு கம்மலை எடுத்துப் போட்டாள். ஏற்பாடு இப்படித்தான் இருந்தது, அவள் கேண்டீனில் காப்பி குடிக்கும்போது இவர் மட்டும் மாடிக்குப் போய் டாக்டரிடம் கேட்டு வருவது. இரண்டாவது கம்மலை அவள் எடுத்தபோது அவள் கையைப் பிடித்துக்கொண்டார்.

‘மங்கை, அது வெறும் வீக்கம் இல்லை. கேன்சர்.’

நினைத்துப் பயந்த முகம் வந்தது. வந்து, நின்றது. அவள் அவரைப் பார்க்கவில்லை, கம்மலின் திருகைப் பார்த்தாள், உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. எதிரே டி.வி. சத்தமில்லாமல் யாரையோ சமைக்க வைத்துக்கொண்டிருந்தது. அவர் கையை எங்கேயும் வைக்கத் தேவைப்படவில்லை, அது அவள் கைக்குள்தான் இருந்தது, அவள் நெரித்த நெரிப்பில் கம்மலின் முனை அவர் உள்ளங்கையில் குத்தியது.

‘எத்தனை நாளாத் தெரியும்?’

‘பதினோரு நாள்.’

அழுதாள். சத்தம் வராமல், தோள் மட்டும் குலுங்க. நாற்காலிகள் எல்லாம் சேர்ந்து குலுங்கின. இந்த முறை அவள் நேரத்திலிருந்து ஒரு நிமிடத்தையும் எடுத்துக்கொள்ளக்கூடாது என்று அவர் இருந்தார். கொஞ்சம் கழித்து முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு திரும்பினாள்.

‘பதினோரு நாளும் ஒத்தையிலயா வச்சிட்டிருந்தீங்க. கோர்ட்டு வேலைல சாப்பாடு எறங்கலைன்னுல்லா நெனைச்சேன். நான் பக்கத்துலயே இருந்திருக்கேன், என்கிட்ட சொல்லாம ஒத்தையில கெடந்திருக்கீங்க.’

திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். படிவத்தை நீட்டினார், காரணத்துக்கு நேரே இருந்த சொல்லை அவள் படித்தாள், அவரைப் பார்த்தாள், அதைக் கோடு போட்டு அடித்துவிட்டுக் கீழே மங்கையர்க்கரசி என்று முழுப் பெயரையும் எழுதினாள். டாக்டர் இருக்காங்களா என்று கேட்டாள். மாடியில்தான் என்றார், படியேறும்போது கூடவே போனார். கதவருகில் வந்ததும் அவரும் கூடவே உள்ளே போகப் பார்த்தார், அவள் அவர் மார்பில் மெல்லக் கைவைத்து நிறுத்தினாள்.

‘மொதல்ல நான் பேசிட்டு வாரேன். நீங்க வெளிய இருங்க.’

கதவு சாத்திக்கொண்டது. தெய்வநாயகம் வெளியே இருந்தார். உள்ளே முதலில் டாக்டரின் குரல், பிறகு மங்கையின் குரல், பிறகு வெகுநேரம் மங்கையின் குரல் மட்டும், நிதானமாக, ஒன்றொன்றாகக் கேட்டுக்கொண்டிருப்பது தெரிந்தது, என்ன கேட்கிறாள் என்று தெரியவில்லை. காது அந்தப் பக்கம் போகப் பார்த்தது, அவர் நாலடி தள்ளிப் போய் உட்கார்ந்தார். வெளியே வந்து சொல்லுவாள். எல்லாவற்றையும் சொல்லலாம், பாதியைச் சொல்லலாம், அம்பாசமுத்திரம் போய்வந்த பிறகு சொல்கிறேன் என்றும் சொல்லலாம். அது அவள் இஷ்டம்.